ஏலத்தில் போன வாச்சு

மணி என்னாச்சு டீச்சர்? மூணே முக்காலா? அப்ப நாலரைக்கு முன்னால ஊரு போய்ச் சேராது. நீங்க டீச்சர்தானே? மடியில பரீட்சப் பேப்பர் கெட்டு இருக்கு, செவப்பு மைப் பேனா இருக்கு, அதான் கேட்டேன். இங்கிலீசு டீச்சரா? ம். நல்லது.

நான் கையில வாச்சு கெட்டுதத விட்டாச்சு. சுவத்துல கெடந்த கடியாரத்தயும் கழத்தி வச்சிட்டேன். போன்ல பாத்தா போராதான்னு கேப்பீங்க. போனு மணியடிச்சாலே எனக்கு நெஞ்சு படபடங்குது, அத பெட்டிக்குள்ள துணியில சுத்தி வச்சிருக்கேன்.

அன்னா, டிரைவருக்குப் பின்னால மொத சீட்டுல, மடியில ஒரு தவிட்டு நிறக் கவர பிடிச்சிட்டு இருக்காளே, அவளும் நானும் ஒண்ணாத்தான் வந்தோம். றோசிலி. பஸ்ஸுல ஏறுனா அவளுக்கு ஓங்கரிக்கும், அதான் காத்துக்கு முன்னால இருக்கா. அவளுக்க மாப்பிள கிளிட்டஸ் போன ஆவணியில கடல்ல போய்ட்டான். கடலு கொண்டு போச்சுன்னு ஊரு சொல்லுது. நானும் அப்பிடித்தான் சொல்லுதேன். இல்லாம வேற என்ன சொல்ல?

சங்கதி ஒரு வாச்சு, டீச்சர். சாதா வாச்சு இல்ல. எனக்க தம்பி வெனான்சியுஸ் கப்பல்ல வேல பாக்கான். அவனுக்க கேப்டன் ஒரு வெள்ளக்காரரு, வேலய விட்டுப் போவும்போ கையில கெடந்தத அவுத்து இவனுக்குக் குடுத்தாராம். இவன் அத எனக்க வீட்டுக்காரருக்குக் கொண்டு தந்தான். "அத்தான், நான் இரும்புக் கப்பல்ல போறேன், நீங்க வள்ளத்துல போறீங்க. உங்களுக்குத்தான் இது வேணும்"ன்னான். நல்ல மனசுள்ள பய.

தடியா, கனமா இருக்கும். அடியில ஒரு திருகு உண்டு. அத சும்மா தொடப்பிடாது. வள்ளம் கமந்து, ஆளு வெள்ளத்துல கெடந்து, இனி வேற வழியில்லங்குத நேரத்துல அதத் திருகிக் கறக்கி இழுக்கணும். உள்ளருந்து நீளமா ஒரு கம்பி வரும். கம்பி வெளிய வந்தா ஆகாசத்துல சுத்துத சேட்டிலைட்டுக்குத் தகவல் போவும், அங்கருந்து கடல்ல ஆளத் தேடுத ஆபீசுக்கு வரும், ஆபீசுல இருந்து வீட்டுக்குப் போன் வரும். போன் என்னத்துக்குன்னு தம்பிகிட்ட கேட்டேன். "பாதிப் பேரு சும்மா விளையாட்டுக்கு இழுத்துருவான். அதனால ஆளு நெசமா கடல்ல கெடக்காரான்னு வீட்டுல விசாரிச்சிட்டுதான் கப்பல விடுவாவ"ன்னு சொன்னான்.

கம்ப்யூட்டர்ல பேரு பதிஞ்சான். ஆளு பேரு ததேயுஸ், அது எனக்க வீட்டுக்காரரு. விளிக்க வேண்டிய மொத நம்பரு எனக்கு. ரெண்டாவது நம்பரு அவனுக்கு, அவன் பாதி நாளு சிக்னல் இல்லாத கடல்ல கெடப்பான். போவும்போ ஒண்ணு சொல்லிட்டுப் போனான். "அக்கா, இத வேற கைக்கு மாத்துனா எங்கிட்ட சொல்லணும். பேர மாத்தணும். இல்லன்னா ஆளு மாறிப்போவும்." செரி மக்ளேன்னு தலையாட்டுனேன்.

அப்பிடி இருக்கச்சில, நடுக்கடல்ல வச்சி எனக்க வீட்டுக்காரருக்கு நெஞ்சு அடச்சிட்டு. கூட இருந்தது இந்தக் கிளிட்டஸ். அவன்தான் அவியள மடியில கெடத்தி, ஒத்தக் கையால எஞ்சினப் பிடிச்சி கர சேத்தான். அத நான் மறக்கல்ல. மறந்தேன்னு யாரும் சொல்லப்பிடாது. கண்ணு சொருகுத நேரத்துல இவிய அந்தோனியாருக்கு நேந்திருக்காவ, உசிரோட கர பிடிச்சா கையில கெடக்குத வாச்சு உமக்குன்னு. மனுசனுக்கு ஆபத்துல எது கையில இருக்கோ அதத்தானே நேர முடியும்?

உசிரு கெடச்சிது. கடலுக்குப் போவப்பிடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நேந்தது நேந்ததுதான், திருநாள் அன்னைக்கு வாச்சக் கொண்டு பீடத்துல வச்சாச்சு. எங்க ஊருல நேர்ச்சையா வந்த பொருளெல்லாம் பத்தாந்திருநாள் அன்னைக்கு ஏலம் போவும். கோழி, வாழக்கொல, தங்கக் கம்மல், எல்லாம். அதுல எங்களுக்குள்ள ஒரு மரியாத உண்டு டீச்சர். நேந்த வீட்டுக்காரங்க அவங்க பொருள ஏலத்துல கேட்டா, மத்த ஆளு ஏத்திக் கேக்க மாட்டாவ. புண்ணியாளன் அந்தோனியாருக்கும் கொற இல்ல, வீட்டுக்கும் கொற இல்ல. எங்கயும் எழுதி வைக்கல்ல, ஆனா அப்பிடித்தான் நடக்கும்.

நான் கேட்டேன். எனக்குப் பின்னால இருந்து கிளிட்டஸ் ஏத்திக் கேட்டான். சிரிச்சிட்டேதான் கேட்டான். வெளையாட்டுன்னு நெனச்சி நான் மறுபடி கேட்டேன். அவனும் மறுபடி ஏத்துனான். ஊரு முழுக்க என்னயே பாக்குது. எனக்கு அதுக்கு மேல கேக்க நாக்கு வரல்ல. மூணு தரம் சொல்லி வாச்ச அவன் கையில குடுத்தாவ.

அங்க வச்சே அவன் என்கிட்ட வந்தான். "அக்கா, கோவப்படாதீங்க. அண்ணன் இனி கடலுக்கு வர மாட்டாவ. வீட்டுல கெடந்தா இது சும்மா மணி காட்டும். அன்னைக்கு அண்ணன் கெடந்த கெடயக் கண்டதுல இருந்து எனக்குப் பயமா இருக்கு. றோசிலி வேற முழுகாம இருக்கா"ன்னான். கேட்டீளா பேச்ச? பயமாம். பயந்தவன் கடலுக்கு என்னத்துக்குப் போவணும்? ஆசப்பட்டான், எடுத்தான். அதுக்கு ஒரு ஞாயம் வேற.

அதுக்குப் பிறவு நான் தண்ணி எடுக்கப் போனா அவன் கையில அது, கோயிலுக்குப் போனா அவன் கையில அது. கடப்புறத்துல பையன்மாரு நடுவுல நின்னு, இன்னா இதத்தான் கறக்கணும்னு காட்டிட்டு இருப்பான். எனக்குப் பத்திகிட்டு வரும்.

பேரு மாத்துத விசயத்தயும் அவனே வந்து கேட்டான். பொய் சொல்லப்பிடாது. "அக்கா, வெனான்சியுஸ்கிட்ட சொல்லி எனக்க பேருக்கு மாத்தித் தாங்க"ன்னான். செரி, சொல்லுகேன்னேன். ரெண்டாவது தரம் றோசிலி வந்து கேட்டா. செரி பிள்ளே, அவன் போன் பண்ணட்டுன்னேன். மூணாவது தரம், புள்ள பெறந்து ஞானஸ்நானத்துக்கு விளிக்க வந்தப்போ மறுபடியும் கேட்டான். நான் சொன்னேன், "இப்ப என்ன அவசரம்? போன் வந்தா எனக்குத்தானே வரும். நான் ஊருலதானே இருக்கேன்"ன்னு. அவன் அதக் கேட்டு சந்தோசப்பட்டான் டீச்சர். "அதுஞ்செரிதான். நீங்க இருக்குறப்ப எனக்கு என்ன"ன்னுட்டுப் போனான்.

தம்பிகிட்ட ஏன் சொல்லல்லன்னு கேக்கீங்களா? எப்பிடிச் சொல்ல? அவன் ஆசையாக் கொண்டு தந்தத ஏலத்துல விட்டுட்டு வந்தேன்னா? அவன் போன் பண்ணும்போதெல்லாம், "அக்கா, வாச்சு பத்திரமா இருக்கா"ன்னு கேப்பான். அலமாரியில பத்திரமா இருக்கு மக்ளேன்னு சொல்லிருவேன். சொல்லிச் சொல்லிப் பழகிட்டு. அலமாரியத் தொறந்தா அங்க இருக்கும்னு எனக்கே தோணும்.

ஆவணி மாசம், கணவா மீனு நல்லா பட்ட சமயம். ஒருநாள் பதினோரு மணி இருக்கும். நான் அடுக்களையில மரச்சீனிக் கெழங்கு தோலிச்சிட்டு இருக்கேன். இவிய உள்முறியில கட்டில்ல கெடக்காவ. போன் அடிச்சிது. ஒரு பொம்பளப் பிள்ள, தன்மையான தமிழு. "ததேயுஸுங்கறவரு உங்க வீட்டுக்காரரா?" ஆமான்னேன். "அவரு இப்ப கடல்ல இருக்காரா?" நான் எட்டிப் பாத்தேன், ஆளு கட்டில்ல சரிஞ்சி கெடக்காவ. "இல்ல மக்ளே, வீட்டுலதான் இருக்காவ. நல்லா இருக்காவ"ன்னேன். அந்தப் பிள்ள நன்றின்னு சொல்லி வச்சிட்டு.

நீங்களே சொல்லுங்க டீச்சர், நீங்க படிச்ச ஆளு. எனக்க மாப்பிள கடல்ல இருக்காரான்னு கேட்டாவ. இல்லன்னேன். இதுல ஒரு கள்ளம் உண்டா? அவியள கடல்ல இருக்காவன்னா சொல்லியிருக்கணும்? கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன். அவ்வளவுதான்.

அன்னைக்கு சாயங்காலம் கிளிட்டஸுக்க வள்ளம் வரல்ல. கணவா பின்னால போயிருப்பான், விடியும்போ வருவான்னு எல்லாரும் நெனச்சாவ. விடிஞ்சும் வரல்ல. பிறவுதான் ஊருல மணியடிச்சி, இருபது வள்ளம் ஒண்ணா எறங்கிச்சு, அதிகாரிமாருக்கும் சொன்னாவ. மத்தியானம் கமந்து கெடந்த வள்ளத்தக் கண்டாவ. அது மேல சூச மிக்கேல் மட்டும் கெடந்தான். கிளிட்டஸுக்க கூட்டாளி. தோலெல்லாம் வெந்து, நாக்கு தடிச்சி, ஆனா உசிரு இருந்துது. கிளிட்டஸ் அன்னைக்குக் காலையில வள்ளத்துல பிடிச்ச பிடி விட்டுப் போயிருக்கான். சூரியன் கெளம்பி ஒரு மணிக்கூரு வர பேசிட்டுதான் இருந்தானாம். மூணாம் நாளு தெக்க ஒரு கடப்புறத்துல ஒதுங்குனான்.

ஒரு பகலு டீச்சர். மொத நாளு உச்சிக்கே கப்பல் எறங்கியிருந்தா சாயங்காலத்துக்குள்ள ரெண்டு பேரும் கரயில இருந்து கஞ்சி குடிச்சிருப்பானுவ. இத நான் சொல்லல்ல, கடலறிஞ்ச ஆம்பளையள் சொல்லுதாவ.

தண்ணி வேணுமான்னா கேக்கீங்க டீச்சர்? இல்ல, எனக்கு ஒண்ணும் இல்ல.

தம்பி எங்கேயோ ஒரு தொறமுகத்துல இருந்து போன் பண்ணுனான். ஊருக்காரன் எவனோ அவனுக்குச் சொல்லிட்டான், வாச்சு கிளிட்டஸ் கையில கெடந்துதுன்னு. என்னய ஒரு வார்த்த ஏசல்ல. "அக்கா, அவன் கம்பிய இழுத்திருந்தா உனக்குப் போன் வந்திருக்கணுமே. வந்துதா?"ன்னு மட்டும் கேட்டான். வரல்லன்னேன். "அப்ப பேட்டரி பழசாயி நின்னிருக்கும். நான் பாத்து மாத்தியிருக்கணும், எனக்க தப்பு"ன்னான். அவனுக்க தப்பாம். அந்தப் பய கப்பல்ல ஒத்தைக்கு இருந்து அழுதான்.

ஊரும் அப்பிடித்தான் பேசுது. வெளிநாட்டுச் சாமானம்னு நம்பி ஏமாந்தான்னு. றோசிலி ஒருநாள் வந்து அந்த வாச்ச எனக்க கையில வச்சா. "அக்கா, இது வேல செய்யாமப் போனதுக்கு நீங்க என்ன செய்வீங்க? உங்க தம்பிக்க பொருளு, நீங்களே வச்சிக்கிடுங்க"ன்னா. கைக்கொழந்தய இடுப்புல வச்சிட்டு என்னயத் தேத்துதா. நான் அழுதேன். ஊருல அவளோட சேந்து அழுத ஆளு நான் ஒருத்திதான். அதனாலயே அவ என்னய விடமாட்டேங்குதா. எங்க போனாலும் அமலியக்கா, எது செஞ்சாலும் அமலியக்கா.

எனக்க வீட்டுக்காரருக்கும் அதுல இருந்து மேலுக்குச் சுகமில்ல. மருந்து மாத்துனாவ, அதுக்குப் பிறவு எங்கிட்ட பேச்சு கொறவு. சோறு கொண்டு வச்சா சுவத்தப் பாத்துத் திரும்பிக்கிடுவாவ. நான் அந்தாண்ட போன பிறவு எடுத்துத் திம்பாவ. மருந்துக்க குணம்னு நெனச்சேன். ஆனா டீச்சர், உள்முறிக்கும் அடுக்களைக்கும் நடுவுல கதவு கெடயாது. ஒரு துணிதான் தொங்குது.

சூச மிக்கேல் தேறி வந்த பிறவு நான் அவனப் பாக்கப் போனேன். போவாம இருந்திருக்கணும். ஆப்பிள் வாங்கிட்டுப் போனேன். அவன் எனக்க கையப் பிடிச்சிகிட்டு சொன்னான். வள்ளம் கமந்த ஒடனே கிளிட்டஸ் கம்பிய இழுத்துட்டானாம். அந்தக் கைய தண்ணியில முக்காம ஆகாசத்தப் பாத்து தூக்கியே பிடிச்சிருந்தானாம், பகலு முழுக்க. கை மரத்துப் போனா மத்தக் கையால தாங்கிப் பிடிப்பானாம். இவன் அழுதப்போ அவன் சிரிச்சானாம். "லேய், பயப்படாத. இந்நேரம் அமலியக்காக்குப் போன் போயிருக்கும். அக்காக்கு என்மேல கோவந்தான். ஆனா ஒரு உசிருன்னு வந்தா அக்கா நிப்பா"ன்னானாம்.

மிக்கேல் அதக் குத்தமாச் சொல்லல்ல. பாவம், கடேசி வர உங்கள நல்லபடியாத்தான் நெனச்சான் அக்கா, வாச்சுதான் சதி பண்ணிட்டுன்னு சொல்லி அழுதான்.

இப்ப எதுக்கு நாகர்கோவில் போய்ட்டு வாறோம்னா, றோசிலி ஒரு மனு போட்டா. பச்ச மண்ணு மாதிரி இருந்த பிள்ளைக்கு அந்தத் தைரியம் எங்கருந்து வந்துதோ. மாப்பிள கம்பிய இழுத்தாரு, தகவல் வந்துதா வரல்லயா, வந்துதுன்னா யாரு என்ன செஞ்சாவ, அது எனக்குத் தெரியணும்னு எழுதிப் போட்டா. நான் வேண்டாம்னேன். போன உசிரு வருமா பிள்ளேன்னு கேட்டேன். "வராது அக்கா. ஆனா கேட்டுதா கேக்கல்லயான்னு தெரியாம எனக்கு ஒறக்கம் வரல்ல"ன்னா. நேத்து ஆபீசுல இருந்து ஆளு சொல்லி விட்டாவ, நேருல வந்து பதில வாங்கிட்டுப் போன்னு. இன்னைக்கு ஒப்பு போட்டு வாங்குனா. அந்தக் கவர்தான் அது.

அவ இன்னும் பிரிக்கல்ல. இங்கிலீசுல இருக்கும்னு ஆபீசுல சொன்னாவ. அவ தமிழு நல்லா வாசிப்பா, இங்கிலீசு தெரியாது. நான் அந்தக் காலத்துல பத்து வர படிச்சவ, தட்டுத்தடவி வாசிச்சிருவேன். ஊருல வேற ஆளுகிட்ட குடுத்தா ஆளுக்கொரு கத கெட்டுவாவ, ஊரு வாய மூட உலமூடி உண்டா? அதனால, "அக்கா, பஸ்ஸ விட்டு எறங்குன ஒடனே நேரா கல்லறைக்குப் போவோம். அவருக்குப் பக்கத்துல நின்னு நீங்க வாசிங்க. அவரும் கேக்கட்டு"ன்னா.

நான் செரின்னேன். இந்தச் செரிங்குத வார்த்த எனக்கு எப்பவும் வாயில ரெடியா இருக்கு.

டீச்சர், அன்னைக்குப் போன்ல பேசுன அந்தப் பிள்ள, பேர விசாரிச்ச பிறவு ரெண்டு கேள்வி கேட்டா.

ஒண்ணுதான்னு சொன்னேன் உங்ககிட்ட. மனசுக்குள்ளயும் அப்பிடித்தான் சொல்லிட்டு இருக்கேன், இந்த ஏழு மாசமா. ரெண்டு கேள்வி. உங்க வீட்டுக்காரரு கடல்ல இருக்காரான்னு மொதல்ல. நான் இல்லன்ன பிறவு, "அந்த வாச்சு இப்ப எங்க இருக்கு அம்மா? அதுல இருந்து ஒரு சிக்னல் வந்து நின்னுட்டு, எடம் தெளிவாத் தெரியல்ல"ன்னு கேட்டா.

எனக்குத் தெரியும் டீச்சர். மறந்து போச்சுன்னு சொன்னா அது பெரிய கள்ளம். அவன் கையில இருக்குன்னு கேட்ட நொடியே கண்ணு முன்னால வந்துது. ஆனா அவன் கையில இருக்குன்னு வாயால சொன்னா, அது அவனுக்குத்தான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமே. தம்பிக்கும் தெரிஞ்சிரும். அவன் கடப்புறத்துல பையன்மாருக்குக் கறக்கிக் காட்டியிருப்பான், இருக்கட்டு, ஆபீசுல இருந்து ஒரு நாளு வந்து அவன ஏசட்டுன்னும் தோணிச்சு. எல்லாம் ஒரு மூச்சு நேரந்தான். அதுக்குள்ள வாய் முந்திட்டு. "வீட்டுல அலமாரியில இருக்கு மக்ளே. பிள்ளையள் எடுத்துக் கறக்கியிருக்கும்"ன்னுட்டேன். திருக முறுக்கி வச்சிருங்க அம்மான்னா. வச்சிருதேன்னேன்.

பிறவு மரச்சீனியத் தோலிச்சி முடிச்சேன். அவிச்சேன். றோசிலி வீட்டுக்கு நாலே எட்டு. கிளிட்டஸ் கடலுக்குப் போயிருக்கானான்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். சாயங்காலம் அவ கடப்புறத்துல பிள்ளையோட நின்னப்பவாவது வாயத் தொறந்திருக்கலாம். இனி சொன்னா என்னயக் கேப்பாவளேன்னு நான் கதவச் சாத்திட்டு உள்ள இருந்தேன். அவன் அங்க கையத் தூக்கிப் பிடிச்சிட்டு இருந்திருக்கான்.

அந்தக் கவருக்குள்ள இதெல்லாம் இருக்கும், இல்லயா டீச்சர்? ஆபீசுக்காரங்க நேரம், நம்பரு, பேசுன பேச்சு, எல்லாம் எழுதி வைப்பாவதானே? நீங்க தலையாட்டுதது எனக்கு வெளங்குது.

அடுத்த ஸ்டாப்பு எங்க ஊரு. உங்களுக்கு இன்னும் ரெண்டு ஊரு தாண்டணும், தெரியும். அரமணிக்கூருல அடுத்த பஸ்ஸு வரும். நீங்க எங்ககூட எறங்கணும். கல்லற ரோட்டோரந்தான், நடக்க வேண்டாம். றோசிலிகிட்ட நான் சொல்லுதேன், எனக்குக் கண்ணு தெரியல்ல பிள்ளே, இவிய இங்கிலீசு டீச்சர், இவிய வாசிக்கட்டுன்னு. நான் எங்கயும் ஓடிர மாட்டேன். அவளுக்குப் பக்கத்துலதான் நிப்பேன், கைக்கு எட்டுத தூரத்துல.

நான் வாசிச்சா அந்த வரியத் தாண்டிருவேன் டீச்சர். நீங்க தாண்டாதீங்க.